வரைபடத்தில் ஏறாத எச்சரிக்கை: விளக்கு, மிதவை, கடலடி ஆபத்து மாற்றங்களைக் கப்பலில் திருத்தும் முழு வழிகாட்டி

2010 டிசம்பரில், கடல் வரைபடங்களைத் தயாரிக்கும் பிரிட்டிஷ் நீர்வரைவியல் அலுவலகம் 6274(பி)/10 என்ற எண்ணில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சீனாவின் ஷியாமென் துறைமுகத்திலும் அதை நெருங்கும் வழியிலும், வரைபடத்தில் அச்சாகியிருப்பதைவிடக் குறைந்த ஆழங்கள் பல இருக்கின்றன என்பது அதன் சாரம். ஐந்து மாதம் கழித்து, 2011 மே மாதத்தில், சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரா என்ற கன்டெய்னர் கப்பல் அந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. மிதவைகள் வகுத்திருந்த வழியை விட்டுக் கேப்டன் விலகினார். வரைபடத்தின்படி அங்கே தண்ணீர் போதுமானதாகவே இருந்தது. கப்பல், வரைபடத்தில் இல்லாத ஒரு மேட்டில் ஏறி நின்றுவிட்டது.

வழக்கு முடியப் பத்தாண்டு ஆனது. 2021 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் கப்பல் அதிகாரிகள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அந்த எச்சரிக்கை பயணத் திட்டத்திலும் பயன்பாட்டில் இருந்த வரைபடத்திலும் எழுதப்படவில்லை. ஆகவே திட்டமே குறைபாடுடையது. குறைபாடுள்ள திட்டத்தோடு புறப்பட்ட கப்பல், இயந்திரம் பழுதான கப்பலைப் போலவே, கடற்பயணத்துக்குத் தகுதியற்றது. கப்பலை மீட்ட செலவில் தங்கள் பங்கைத் தர மறுத்த சரக்கு உரிமையாளர்களிடமிருந்து கப்பல் உரிமையாளர் கேட்ட சுமார் 8 லட்சம் டாலர் கிடைக்கவில்லை.

முதன்முறையாக, கப்பலில் வரைபடங்களைப் பார்த்துக்கொள்ளும் செகண்ட் ஆபீசர் பொறுப்பை ஏற்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வரைபடத் திருத்தம் என்றால் வாராவாரம் கோப்பை ஏற்றிப் பதிவேட்டில் டிக் போடுவது என்று பல கப்பல்களில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷியாமெனில் தவறியது டிக் அல்ல. செய்தி, சுக்கானைப் பிடிக்கும் ஆளின் கண்ணெதிரே போய்ச் சேரவில்லை. அதுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் திருத்தம்.

செய்தி வரும் இரண்டு வாய்க்கால்கள்

ஒன்று வேகமானது, மற்றது நிதானமானது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேகமான வாய்க்கால் வானொலி எச்சரிக்கை. உலகக் கடல்கள் நேவ்ஏரியா எனப்படும் 21 எச்சரிக்கைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எட்டாவது நேவ்ஏரியாவுக்கு ஒருங்கிணைப்பாளர் இந்தியா. அந்தப் பணியைச் செய்வது டேராடூனில் இருக்கும் தேசிய நீர்வரைவியல் அலுவலகம். மலையடிவார ஊரிலிருந்து கடலுக்குச் செய்தி வருகிறது என்பதை நான் முதலில் கேட்டபோது நம்பவில்லை. ஒரு கலங்கரை விளக்கம் அணைந்துவிட்டால், ஒரு மிதவை சங்கிலி அறுந்து போய்விட்டால், துரப்பண மேடை இடம் மாறினால், முதலில் இந்த வழியில்தான் தெரியவரும். ஆழ்கடலில் செயற்கைக்கோள் வழியாகவும், கரையிலிருந்து சில நூறு கடல் மைலுக்குள் நேவ்டெக்ஸ் என்ற எழுத்துச் செய்தி வானொலி வழியாகவும் வரும். 518 கிலோஹெர்ட்ஸில் ஆங்கிலத்தில் ஒலிபரப்பாகும் நேவ்டெக்ஸ் நிலையங்களில் முட்டமும் பரங்கிப்பேட்டையும் நம் கரையிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் வரும் நான்கு குறியீடுகளில் இரண்டாவது எழுத்து ‘ஏ’ என்றால் அது கடல்வழி எச்சரிக்கை. அதைக் கருவியில் தடுத்து வைக்க முடியாது. முதல் எழுத்து நிலையத்தைக் குறிக்கும். அதை மட்டும் தவறாகத் தேர்வு செய்துவிட்டால் மொத்த நிலையமும் ஊமையாகிவிடும். புதிய பகுதிக்குள் நுழையுமுன் நிலையத் தேர்வை ஒருமுறை பாருங்கள்.

நிதானமான வாய்க்கால், கடலோடிகளுக்கான அறிவிப்புகள். பிரிட்டிஷ் அலுவலகம் இருக்கும் டான்டன் நகரிலிருந்து வாரந்தோறும், டேராடூனிலிருந்து மாதம் இரு முறை வெளிவருகின்றன. எண்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால்தான் எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே எழுதுகிறோம். உலகம் சுற்றும் வணிகக் கப்பல்களில் பெரும்பாலும் டான்டன் அறிவிப்புகளையே பார்ப்பீர்கள். இந்தியக் கரையோரக் கப்பல்களில் டேராடூன் அறிவிப்புகளும் இருக்கும்.

எந்தச் செய்தி எந்த வாய்க்காலில் வரும் என்பதற்கு ஓர் உதாரணம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. கடலடியில் கிடக்கும் உடல் நகராது. அது வரைபடத்தில் ஏறவேண்டிய ஆபத்து. மிதந்து அலைந்த கன்டெய்னர்கள் இன்று ஓரிடம், நாளை ஓரிடம். அவற்றை எந்த வரைபடத்திலும் அச்சிட முடியாது. வானொலி எச்சரிக்கையைக் கோப்பில் செருகிவிட்டு வாராந்தர அறிவிப்புக்காகக் காத்திருக்கும் அதிகாரி, இரண்டாவது வகை ஆபத்தை ஒருபோதும் பார்க்கமாட்டார்.

அறிவிப்பைப் படிக்கும் முறை

டான்டன் வார இதழில் எட்டுப் பகுதிகள். இரண்டாம் பகுதி வரைபடத் திருத்தங்கள், மூன்றாவது வானொலி எச்சரிக்கைகள், நான்காவது கடல்வழி நூல்கள், ஐந்தாவது விளக்குப் பட்டியல், ஆறாவது வானொலிக் குறிப்புகள். மற்றவற்றை ஒரு கோப்பைத் தேநீர் நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ஐந்தாம் பகுதியை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். விளக்குகளின் மாற்றம் பல நேரம் வரைபட அறிவிப்புக்கு முன்பாகவே அங்கே வந்துவிடும். வரைபடம் ஒன்று சொல்ல விளக்குப் பட்டியல் வேறு சொன்னால், திருத்தப்பட்ட பட்டியலை நம்புங்கள்.

இரண்டாம் பகுதியில் ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே எண், பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த அலுவலகம் நேரடியாகப் பெற்ற மூலத் தகவல் என்று பொருள். எண்ணோடு ‘டி’ இருந்தால் தற்காலிகம், ‘பி’ இருந்தால் முன்னறிவிப்பு, எதுவும் இல்லையென்றால் நிரந்தரம். அதன் கீழே நாடு, கரை, என்ன மாற்றம் என்ற தலைப்பு. பிறகு வினைச்சொல், குறி, இடம். கடைசியில் வரைபட எண், முந்தைய திருத்தத்தின் எண், ஆயத்தொலைவுக்கு அடிப்படையான தளம்.

வினைச்சொற்கள் ஐந்துதான்: சேர், நீக்கு, திருத்து, நகர்த்து, மாற்றிடு. முதல் நான்கில் யாரும் தடுக்கி விழுவதில்லை. ஐந்தாவதில் தடுக்குவார்கள். ஆங்கில அறிவிப்பில் புதிய குறி முன்னால் வரும், பழையது பின்னால் வரும். தமிழில் யோசிக்கும் மூளை ‘இதற்குப் பதில் அது’ என்று பழையதை முன்னால் வைத்துப் படிக்கும். தூக்கக் கலக்கத்தில் தலைகீழாகப் போட்டுவிட்டால், அகற்றப்பட்ட மிதவை வரைபடத்தில் மறுபிறவி எடுக்கும். நான் ஒருமுறை போட்டிருக்கிறேன். கேப்டன் கண்டுபிடித்தார், அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லப் பிரியமில்லை.

இடத்தைக் குறிக்கும்போது குறியின் எந்தப் புள்ளி கணக்கு என்று தெரிய வேண்டும். விளக்கு என்றால் நட்சத்திரத்தின் மையம். மிதவை என்றால் அடிக்கோட்டில் இருக்கும் சிறு வட்டம். படத்தின் நடுப்பகுதி அல்ல. ஆழ எண் என்றால் எண்ணின் நடு. வரைபடத்தின் தளமும் அறிவிப்பின் தளமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய வரைபடம் என்றால் ஆழம் மீட்டரிலா ஃபாதத்திலா என்பதையும் பாருங்கள். நம் கரையில் பெரியவர்கள் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். பாகமும் ஃபாதமும் கையை அகல விரித்த நீளத்தில் பிறந்த அளவுகள். ஒரு ஃபாதம் 1.83 மீட்டர். மூன்று ஃபாதம் என்று எழுதியிருப்பதை மூன்று மீட்டராகப் படித்தால் பயந்து விலகுவீர்கள், பரவாயில்லை. மீட்டரை ஃபாதமாகப் படித்தால் தரைதட்டுவீர்கள்.

விளக்கின் மொழி

ஒரு விளக்கின் குணம் மாறியிருக்கிறது என்று வந்தால் அதை எழுதிவைத்தால் மட்டும் போதாது. மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். மின்னும் விளக்கில் ஒளியைவிட இருள் நீளம். மறையும் விளக்கில் இருளைவிட ஒளி நீளம். இரண்டும் சரிசமமாக இருந்தால் சமக்கால விளக்கு. நிமிடத்துக்கு 50 முதல் 79 முறை மின்னினால் விரைவு, 80 முதல் 159 வரை மிகவிரைவு. சுற்றுக்காலம் 10 விநாடி என்றால் ஒரு மின்னலின் தொடக்கத்திலிருந்து அடுத்த சுற்றின் தொடக்கம் வரை. ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுங்கள். ஐந்து விநாடி விளக்கை எதிர்பார்க்கும் கண், பத்து விநாடி விளக்கையும் ஐந்தாகவே எண்ணிவிடும்.

திசை காட்டும் மிதவைகளுக்குக் கடிகார முகப்பை நினைவில் வையுங்கள். கிழக்கு மூன்று மின்னல், தெற்கு ஆறு மின்னலோடு ஒரு நீள ஒளி, மேற்கு ஒன்பது, வடக்கு இடைவிடாத மினுக்கல். தெற்கு மிதவை என்றால் அதன் தெற்கே போனால் பாதுகாப்பு. தெற்கு மிதவையை நீக்கிவிட்டு அங்கே கிழக்கு மிதவை வைத்திருக்கிறார்கள் என்றால், மேட்டின் உருவமே மாறியிருக்கலாம். அப்படி வரும்போது அறிவிப்பின் மற்ற வரிகளில் புதிய ஆழ எண்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். தனியாக நிற்கும் ஆபத்தின் மேல் இரண்டு கறுப்புப் பந்துகள், விளக்கு இரண்டிரண்டாக மின்னும்.

சிவப்பு, பச்சை விஷயத்தில் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் துறைமுகத்துக்குள் நுழையும்போது இடப்பக்கம் சிவப்பு. அமெரிக்கக் கண்டங்களிலும் ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸிலும் இடப்பக்கம் பச்சை. சிங்கப்பூரிலிருந்து மணிலா போகும் கப்பல் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கும். எல்லையைத் தாண்டும் இடத்தைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

காகித வரைபடத்தில்

காகிதம் இன்னும் சாகவில்லை. 2026க்குள் காகித வரைபடங்களை நிறுத்திவிடுவோம் என்று பிரிட்டிஷ் அலுவலகம் 2022இல் சொன்னது. பிறகு குறைந்தது 2030 வரை என்று நீட்டித்துவிட்டது. ஆகவே கை வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வரைபடத்தின் கீழ் இடது மூலையைப் பாருங்கள். அங்கே கடைசியாக எழுதப்பட்டிருக்கும் எண்ணும், அறிவிப்பில் ‘முந்தைய திருத்தம்’ என்று அடைப்புக்குள் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பேனாவைத் தொடாதீர்கள், விடுபட்டதைத் தேடி முதலில் போடுங்கள். இது ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதித் தவறுகள் நின்றுவிடும்.

நிரந்தரத் திருத்தத்துக்கு மெல்லிய முனையுள்ள ஊதா மை. சிவப்பு மை கூடாது. இரவில், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் சிவப்பு விளக்கில் சிவப்பு எழுத்து கண்ணுக்குத் தெரியாது. பழைய குறியைச் சுரண்டவோ வெள்ளை பூசவோ வேண்டாம், மேலே ஒரு கோடு கிழித்தால் போதும். அடியில் என்ன இருந்தது என்று பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும். இடத்தை அருகிலிருக்கும் அட்சக்கோட்டு அளவுகோலில் அளந்து வைத்துவிட்டு, திருத்தத்தோடு வரும் மெல்லிய தாள் நகலை மேலே பொருத்திச் சரிபாருங்கள். தாள் நகலை மட்டும் நம்பி ஊசியால் குத்தும் பழக்கம் வேகமானது, சோம்பேறித்தனமும்கூட. ஒட்டவேண்டிய அச்சுத் துண்டுகள் வந்தால் பசையை வரைபடத்தில் தடவுங்கள். துண்டில் தடவினால் அது ஈரத்தில் நீண்டு கோடுகள் விலகிவிடும்.

ஒரே மாற்றம் நான்கு வரைபடங்களைப் பாதித்தால் பெரிய அளவுகோல் வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 2013 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் என்ற கண்ணிவாரிக் கப்பல் பிலிப்பைன்ஸின் துப்பத்தாஹா பவளப் பாரில் ஏறியது. அதன் மின்னணு வரைபடத்தில் அந்தப் பார் சுமார் 8 கடல் மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. பிழை தயாரித்தவர்களுக்கு முன்பே தெரிந்து வேறோர் அளவுகோலில் சரிசெய்யப்பட்டிருந்தது. இந்த வரைபடத்துக்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை. கப்பலைத் துண்டுதுண்டாக வெட்டித்தான் எடுத்தார்கள்.

வரைபடத்தில் குறி போட்ட பிறகு மூலையில் ஆண்டும் எண்ணும். அதன் பிறகே பதிவேடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பதிவேட்டை முதலில் நிரப்பிவிட்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது பதிவேடு வேலை முடிந்தது என்று சொல்லும், அவர்களும் நம்பிவிடுவார்கள்.

அடுத்த பயணத்துக்குத் தேவையான வரைபடங்கள் முதலில். மற்றவை ஓய்வான நாளில். அவற்றுக்கான அறிவிப்புகளையும் பதிவேட்டில் நிலுவை என்று குறித்து வைக்க வேண்டும்.

பென்சிலில் எழுதப்படும் ஆபத்து

‘டி’யும் ‘பி’யும் காகிதத்தில் பென்சிலில் போடப்படும். அழிக்கக்கூடியது என்பதாலேயே அலட்சியமும் சேர்ந்து வருகிறது. உண்மையில் மிகவும் கவனிக்கவேண்டியவை இவைதான்.

தற்காலிக அறிவிப்பு, ஒரு நிலை இப்போது இருக்கிறது, ஆனால் நிலைக்காது என்று சொல்கிறது. விளக்கு பழுது, பாலம் கட்டும் பணி, ஆய்வுக் கருவிகள் மிதக்கும் பகுதி. சில மாதம் என்று தொடங்கிப் பல ஆண்டுகள் நீடிக்கும் தற்காலிகங்களும் உண்டு. அரசு அலுவலகத் தற்காலிகப் பணியாளர்களைப் போல. முன்னறிவிப்பு வேறு வகை. பெரிய மாற்றம் நடக்கப்போகிறது, அல்லது நடந்துவிட்டது, ஆனால் விவரம் முழுதாகச் சேரவில்லை, அல்லது புதிய பதிப்பில்தான் முறையாக வரைய முடியும் என்ற நிலையில் வருவது. ஷியாமென் அறிவிப்பு இந்த வகை. இந்த வகை அறிவிப்பில் ஒவ்வொரு மேட்டுக்கும் துல்லியமான புள்ளி தரப்படவில்லை என்றால் அதிகாரி குறி போட இடமில்லாமல் விட்டுவிடுகிறார். குறி போட முடியாத எச்சரிக்கையை வாக்கியமாக எழுதுங்கள். ‘வழிக்கு வெளியே அச்சிட்ட ஆழங்களை நம்பவேண்டாம், அறிவிப்பு எண் இன்னது’ என்று அந்தத் தண்ணீரின் மேலேயே பென்சிலில் எழுதினால் எந்தக் கேப்டனும் அதன் மேல் கப்பலை ஓட்ட ஒருமுறை யோசிப்பார்.

நடைமுறையிலுள்ள ‘டி’, ‘பி’ அறிவிப்புகளின் பட்டியல் மாதத்துக்கொரு முறை வார இதழில் வரும். ஆண்டுத் தொடக்கத்தில் ஆண்டுத் தொகுப்பிலும் இருக்கும். அதை வைத்து வரைபடத்தின் பென்சில் குறிகளைச் சரிபார்த்து, ரத்தானவற்றை அழியுங்கள். அழிக்காமல் விட்ட பழைய பென்சில் குறிகள் நிறைந்த வரைபடத்தில் புதிய குறியை யாரும் மதிப்பதில்லை.

எக்டிஸ் திரையில்

எக்டிஸ் என்ற மின்னணு வரைபடக் கருவி வந்த பிறகு கை வேலை குறைந்தது, கவனக் குறைவு கூடியது. முறை இது: வரைபடங்களைத் திறக்கும் அனுமதிக் கோப்புகளை முதலில் ஏற்றுங்கள், பிறகு வாராந்தரத் திருத்தக் கோப்பு. ஏற்றி முடிந்ததும் வரும் அறிக்கையைப் படிக்காமல் ‘சரி’ பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரு வரைபடக் கட்டத்துக்கு மூன்றாவது திருத்தம் விடுபட்டிருந்தால் நான்காவது ஏறாது. இயந்திரம் அதைச் சொல்லும், ஆனால் சத்தம் போடாது. பயணப் பாதை தொடும் கட்டங்களின் நிலவரப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் இன்றைய தேதிக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு எக்டிஸ் இருந்தால் இரண்டிலும். ஒன்றில் ஏற்றினால் மற்றதும் தானாக ஏற்றுக்கொள்ளும் என்று நம்பி இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, எது மாறியது என்று பாருங்கள். திருத்தங்களைத் தனியாகக் காட்டும் வசதி எல்லாக் கருவிகளிலும் இருக்கிறது. காகிதத்தில் கையால் எழுதும்போது மாற்றம் தானாகவே மனதில் பதிந்தது. திரையில் நீங்களாகத் தேடிப் பார்த்தால்தான் பதியும். இதைச் செய்யாத செகண்ட் ஆபீசருக்குத் தன் வரைபடம் புதியது என்று தெரியும். என்ன புதியது என்று தெரியாது.

‘டி’, ‘பி’ விஷயத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. சில நாடுகள் அவற்றைத் தங்கள் மின்னணு வரைபடத்திலேயே சேர்த்துவிடுகின்றன, சில நாடுகள் சேர்ப்பதில்லை. சேர்க்காதவற்றைக் காட்டுவதற்குத்தான் பிரிட்டிஷ் அலுவலகத்தின் தகவல் மேலடுக்கு இருக்கிறது. அந்த அடுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தால் எதுவும் தெரியாது. திரை நெரிசலாக இருக்கிறது என்று யாரோ அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். திட்டமிடும்போது கட்டாயம் அதைத் திறந்து, பாதையின் இருபுறமும் வரும் ஒவ்வொன்றையும் அழுத்திப் படியுங்கள்.

வானொலி எச்சரிக்கைகளைக் கையால் ஏற்ற வேண்டும். அப்படிச் சேர்த்த பொருள் ஆரஞ்சு நிறக் குறியோடு நிற்கும். எச்சரிக்கையின் எண்ணையும் தேதியையும் அந்தப் பொருளின் குறிப்பில் எழுதிவிடுங்கள். ரத்தாகும்போது எதை நீக்குவது என்று தெரிய வேண்டுமே.

கடைசியாக, பாதையில் ஆபத்து இருக்கிறதா என்று கருவி பார்க்கும் பாதைச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். சென்ற வாரம் சுத்தமாக வந்த பாதை இந்த வாரத் திருத்தத்துக்குப் பிறகும் சுத்தமாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

புதிதாக ஒரு கப்பல் மூழ்கினால்

2002 டிசம்பர் 14 அன்று, சுமார் மூவாயிரம் புதிய கார்களோடு சென்ற டிரைகலர் கப்பல் ஆங்கிலக் கால்வாயின் கிழக்கு முனையில் மோதலில் மூழ்கியது. ஆழம் குறைவான இடம். பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீருக்குச் சற்றுக் கீழே கிடந்தது. இரண்டு நாளில் நிகோலா என்ற சரக்குக் கப்பல் அதன் மேலேயே ஏறியது. காவல் கப்பல்களும் மிதவைகளும் கூட்டப்பட்டன, வானொலியில் எச்சரிக்கை ஓயாமல் போனது. 2003 ஜனவரி 1 அன்று விக்கி என்ற எண்ணெய்க் கப்பலும் வந்து மோதியது. எச்சரிக்கை இருந்தது. அதைக் கொண்டுபோய் வரைபடத்தில் வைக்கும் கைதான் இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகுதான் அவசரச் சிதைவு மிதவை என்ற புதிய குறி பிறந்தது. நீலமும் மஞ்சளுமாகச் செங்குத்துப் பட்டைகள். இரவில் ஒரு விநாடி நீலம், அரை விநாடி இருள், ஒரு விநாடி மஞ்சள். வேறெந்த மிதவையிலும் இந்தச் சேர்க்கை கிடையாது. அதைக் கண்டால், வரைபடத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், அங்கே ஒரு கப்பல் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு தள்ளிப் போங்கள். அது தொடக்க நாட்களுக்கான குறி. பிறகு வழக்கமான மிதவைகள் அந்த இடத்துக்கு வரும், அவற்றோடு நிரந்தர அறிவிப்பும் வரும். ஆகவே ஒரே சிதைவுக்கு நீங்கள் மூன்று முறை வேலை செய்ய நேரும்: எச்சரிக்கை வந்ததும் கையால் ஏற்றுவது, மிதவை மாறும்போது திருத்துவது, நிரந்தர அறிவிப்பு ஏறியதும் கையால் போட்டதை நீக்குவது. மூன்றாவதை மறந்தால் திரையில் இரட்டைச் சிதைவுகள் நிற்கும்.

கரையே மாறுவதும் உண்டு. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. நிலம் அசையாது என்று வரைபடம் படிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

திட்டத்தில் ஏற்றுங்கள்

இதற்காகத்தான் மேலே சொன்ன அத்தனையும். ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் எதிரே மூன்று கேள்விகள். இந்தத் துண்டில் நடைமுறையிலுள்ள ‘டி’, ‘பி’ எவை? வானொலி எச்சரிக்கை எவை? இவற்றால் விலக வேண்டிய தண்ணீர் எது? பதிலைப் பயணத் திட்டத்தின் குறிப்புப் பத்தியில் எண்ணோடு எழுதுங்கள். ‘நேவ்ஏரியா எச்சரிக்கைகள் பார்க்கப்பட்டன’ என்ற ஒரு வரி எல்லாத் திட்டங்களிலும் இருக்கிறது. யாருக்கும் அதனால் பயனில்லை. அணைந்த விளக்கைத் திருப்பு முனையாக வைத்திருந்தால் வேறொரு அடையாளம் கொடுங்கள்: ராடாரில் தெரியும் முனை, தீவின் ஓரம். மிதவையைக் கொண்டு இடம் குறிப்பதை எப்போதும் இரண்டாம் இடத்தில் வையுங்கள். மிதவை சங்கிலியின் நீளத்துக்குச் சுற்றும், புயலில் நகரும், சில நேரம் பக்கத்து மாவட்டத்துக்கே போய்விடும்.

நுழையக்கூடாத பகுதியைத் திரையில் கோடிட்டு அடைத்துவிடுங்கள். கேப்டனிடம் திட்டத்தில் கையெழுத்து வாங்கும்போது அந்தப் பகுதியைக் காட்டி வாயால் சொல்லுங்கள். லிப்ராவின் கேப்டன் வழியை விட்டு விலகியதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அவர் முன்னால் இருந்த தாளில் அதை மறுக்கும் ஒரு வரியும் இல்லை. கடலில் இருக்கும்போது புதிய எச்சரிக்கை வந்தால் திட்டத்தைத் திறந்து அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்; வாட்ச் மாறும்போது அடுத்தவர் அதைப் படித்ததற்கு முதலெழுத்துப் போடட்டும்.

நீங்களே மாற்றத்தைக் கண்டால்

விளக்கு எரியவில்லை, மிதவை இடத்தில் இல்லை, எதிர்பாராத ஆழம். ஆபத்து என்றால் அருகிலுள்ள கப்பல்களுக்கும் கரை நிலையத்துக்கும் உடனே சொல்வது சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயத்தின் 31ஆம் விதிப்படி கேப்டனின் கடமை. பிறகு நீர்வரைவியல் குறிப்புப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள்: நேரம், இடம், இடம் எப்படிக் கண்டீர்கள், ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரின் பதிவு, கப்பலின் மிதவாழம் (தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்) சேர்க்கப்பட்டதா இல்லையா, முடிந்தால் படம். மிதவாழத்தைச் சொல்லாமல் அனுப்பும் ஆழ அளவு குப்பைக்குத்தான் போகும். ‘விளக்கு மங்கல்’ என்று எழுதாதீர்கள். எத்தனை மைலில் பார்த்தீர்கள், அப்போது பார்வைத் தெளிவு எவ்வளவு என்று எழுதுங்கள். வரைபடத்தில் அச்சிட்ட தொலைவு பத்து மைல் தெளிவுக்குக் கணக்கிட்டது. மூட்டத்தில் அது குறையும், விளக்கின் மேல் பழி போட முடியாது.

பொறுப்பு மாற்றிக்கொள்ளும்போது

ஒரு கப்பலில் நான் சேர்ந்தபோது பதிவேடு கண்ணாடி போல இருந்தது. எல்லா வாரமும் டிக், எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். அதுதான் சந்தேகம் தந்தது. ஒரு வரைபடத்தை இழுத்து எடுத்தேன். மூலையில் எண் இருந்தது. அந்த எண் நீக்கச் சொன்ன மேற்கு மிதவை தன் இடத்தில் அப்படியே நின்றது. அன்றிரவு தூங்கவில்லை.

அதிலிருந்து பொறுப்பேற்கும்போது மூன்றே காரியம் செய்கிறேன். விருப்பப்படி மூன்று வரைபடங்களை எடுத்து, மூலையிலிருக்கும் கடைசி எண்ணின் மாற்றத்தைப் படத்தில் விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன். எக்டிஸில் தகவல் மேலடுக்கைத் திறந்து, அடுத்த துறைமுகத்தின் வழியில் இருக்கும் ஒரு ‘பி’ அறிவிப்பு பயணத் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கிறேன். கடைசியாகக் கிடைத்த நேவ்டெக்ஸ் செய்தியை எடுத்து அதை ஆரஞ்சு நிறத்தில் திரையில் தேடுகிறேன். மூன்றும் கிடைத்த பிறகுதான் என் பேனா ஒப்படைப்புத் தாளுக்குப் போகும்.